டாக்டரம்மா சொன்ன சங்கம்

சோறு தொண்டையில் நிற்பது என்றால் எப்படி என்று கேட்பவர்களுக்கு இப்படித்தான் சொல்வேன்: ஆள் உள்ளே இருந்துகொண்டே கதவைத் திறக்காமல் இருப்பதுபோல. மெல்லலாம், நாக்கால் பின்னுக்குத் தள்ளலாம். அங்கே போய் அது நின்றுவிடும். தண்ணீர் ஊற்றித் தள்ளினால் புரையேறும். துப்பினால்தான் மூச்சு வரும். இதே தொல்லையோடு எங்கேயாவது ஒரு தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒருத்தி இருப்பாள். அவள் கையில் கிடைத்தால் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பிள்ளை மடுவத்து ஆயாவாக இருந்தேன். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் காலையில் கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு மலையேறுவார்கள். தொட்டில் ஆட்டுவது, பால் கலக்குவது, சோறு ஊட்டுவது எல்லாம் என் வேலை. வாயை இறுக்கிக்கொள்ளும் பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவருவதில் எனக்குத் தோட்டத்தில் ஒரு பேர் உண்டு. காக்கையைக் காட்டுவேன், கன்னத்தைக் கிள்ளுவேன், அதட்டுவேன். எப்படியும் உள்ளே போய்விடும். அப்படிப்பட்டவளுக்கே சோறு இறங்கவில்லை என்றதும், "காமாட்சி அக்காவுக்குக் காக்கா காட்ட ஆளில்ல" என்று லயத்தில் கேலி பேசினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அது தொண்ணூறுகளின் கடைசி.

சிரிக்காதவர் என் வீட்டுக்காரர் ராமையா மட்டும். அவருக்குக் காரணம் தெரியும்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, யோகராஜ். படிப்பு ஏறவில்லை, மலை வேலையும் பிடிக்கவில்லை என்று கொழும்புக்குப் போய் ஒரு பலசரக்குக் கடையில் நின்றான். தீபாவளிக்கு வருவான். எனக்குச் சேலையும் அப்பாவுக்குச் சாரமும் கொண்டுவருவான். யுத்த காலம் அது. ஒரு நாள் அவன் தங்கியிருந்த அறையைச் சோதனை போட்டு, அவனையும் கூட இருந்த இன்னொரு பையனையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கடை முதலாளி சொல்லியனுப்பினார். அந்த இன்னொரு பையன் சில நாட்களில் திரும்பி வந்தான். யோகராஜ் வரவில்லை. யார் கொண்டுபோனது என்று கேட்டால் பொலிஸும் இராணுவமும் ஒருவர் மற்றவரைக் கை காட்டினார்கள். நாங்கள் ஏறாத படியில்லை, விழாத காலில்லை. அந்தப் பெயரில் ஆள் இல்லை என்பதுதான் எல்லா இடத்திலும் கிடைத்த பதில்.

செத்த வீட்டுக்கு எப்படி வருவது என்று எங்கள் சனத்துக்குத் தெரியும். வாசலில் நின்று ஒரு குரல் அழவேண்டும், கட்டிப்பிடிக்கவேண்டும், பாய் விரிக்கவேண்டும், தேத்தண்ணி ஊற்றவேண்டும். பிள்ளை காணாமல் போன வீட்டுக்கு எப்படி வருவது என்று யாருக்கும் தெரியவில்லை. அழுதால் அவன் செத்துவிட்டான் என்று ஆகிவிடும். அழாவிட்டால் என்ன பேசுவது? பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது என்னைக் கண்டால் பேச்சு நிற்கும். கொஞ்சம் பேருக்குப் பொலிஸ் பயமும் இருந்தது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் ஒதுங்கியிருப்பேன்.

வீட்டுக்குள்ளும் அதே கதைதான். எதிரெதிரே உட்கார்ந்தால் நடுவில் ஒரு இடம் காலியாக இருப்பது தெரியும். அதனால் அவர் ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபேக்டரியில், ராத்திரி வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். நான் அடுப்படியில் நின்றபடியே ரெண்டு வாய் போட்டுக்கொள்வேன். பிறகு ஒரு வாய். பிறகு வெறும் தேத்தண்ணி.

தோட்டத்து டிஸ்பென்சரியில் சிவப்புத் தண்ணி மருந்து தந்தார்கள். பூசாரி தொண்டைக்கு விபூதி போட்டார். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த புஷ்பம், கருவாட்டு முள் சிக்கியிருக்கும் என்று வாழைப்பழத்தை முழுசாக விழுங்கச் சொன்னாள். அது நின்ற இடத்தில் என் உயிரே நின்றது. ரவிக்கை தொளதொளவென்று ஆனது. படியேறினால் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு நாள் பிள்ளை மடுவத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது கண் இருட்டியது. பிள்ளையைத் தரையில் விட்டுவிடுவேனோ என்ற பயத்தில்தான் ஆஸ்பத்திரிக்குப் போக ஒத்துக்கொண்டேன். எனக்காகப் போகவில்லை.

கடைத்தெரு ஆஸ்பத்திரியில் நாக்கையும் நகத்தையும் பார்த்த டாக்டர் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தந்தார். எழுதியதை மடித்துத் தரும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தொண்டையில் சோறு இறங்காத நோய்க்கு எங்கள் தோட்டத்தில் ஒரே பேர்தான். அந்தப் பேரையும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள், "அந்த நோய்" என்பார்கள். பஸ்ஸில் ஹட்டன்வரை வளைவுக்கு வளைவு ராமையா தோளில் சாய்ந்துகொண்டு போனேன். கல்யாணம் கட்டி இத்தனை வருஷத்தில் ஊரறிய அப்படிச் சாய்ந்தது அதுதான் முதல் தடவை.

பெரியாஸ்பத்திரியில் முதலில் படிப்பது காத்திருக்கத்தான். இரத்தம் எடுக்க ஒரு வரிசை, எக்ஸ்ரேக்கு ஒரு வரிசை, எழுதிக்கொள்ள ஒரு வரிசை. வாங்குப் பலகையில் இடம் கிடைத்தவள் எழுந்திருக்கமாட்டாள், பிறகு ஏன் உட்கார்ந்தோம் என்று மறந்துவிடுவாள். சிங்களத்தில் பெயர் கூப்பிடும்போது "காமாட்சி" என்பது ஏதோ வேறு ஊர்க்காரி பெயர்போலக் கேட்கும். ஒரு தடவை நான் எழுந்து போவதற்குள் என் முறை தாண்டிவிட்டது. ராமையா ஒவ்வொரு பெயருக்கும் எழுந்து எழுந்து நின்றார். பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

சுண்ணாம்பு கரைத்ததுபோல வெள்ளையாக ஒன்றைக் குடிக்கத் தந்து, அது இறங்கும்போதே படம் எடுத்தார்கள். அந்த வெள்ளை எங்கே தடைபடுகிறது என்று படத்தில் தெரியுமாம். மேல்தொண்டையிலேயே ஒரு தடை தெரிந்தது. பிறகு எண்டோஸ்கோப்பி. முனையில் விளக்கு வைத்த நீளமான குழாயை வாய்வழியாக உள்ளே விட்டுப் பார்ப்பது. வார்டில் யாழ்ப்பாணத்து மிஸ்ஸி ஒருத்தி இருந்தாள். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. மூச்சை மூக்காலை விடுங்கோ. கண்ணைத் திறந்து என்னைப் பாருங்கோ."

அவளைப் பார்த்தேன். மகனைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். குழாய் இறங்கும்போது வாந்தி வருவதுபோல உடம்பு முறுக்கிக்கொண்டது. அந்த நேரத்தில் யோகராஜை எந்த அறையில் எப்படி வைத்து என்ன கேட்டிருப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. எனக்குக் கையைப் பிடிக்க ஒருத்தி இருந்தாள். அவனுக்கு யார் இருந்தார்கள்? அதற்குப் பிறகு குழாய் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆனது. ராத்திரியில் வார்டு தூங்காது. யாராவது இருமுவார்கள், யாராவது தண்ணீர் கேட்பார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு கணக்குப் போட்டேன். நான் போய்விட்டால், அவர் ஸ்டோருக்குப் போன நேரமாகப் பார்த்து யோகராஜ் வந்து கதவைத் தட்டினால், யார் திறப்பது? சாவுக்கு நான் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிட இந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

கடைசியில் வார்டு டாக்டரம்மா வந்தாள். சிங்களப் பெண், சின்ன வயது, தமிழ் அரையும் குறையுமாகப் பேசுவாள். மிஸ்ஸி பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள். அது "அந்த நோய்" இல்லை. எனக்கு இரத்த சோகை. உடம்பில் இரும்புச் சத்து ரொம்பவும் வற்றிப்போனால் சில பெண்களுக்குத் தொண்டைக்குள் மெல்லிய சவ்வு ஒன்று வளருமாம், பாலின் மேல் ஆடை படிவதுபோல. குழாய் விட்டபோதே அதை விரித்து வழி திறந்துவிட்டார்களாம். இனி இரும்பு மாத்திரை போடவேண்டும். மாத்திரையோடு தேத்தண்ணி குடிக்கக்கூடாது, தேயிலை இரும்பை உடம்பில் ஒட்டவிடாது.

"தேயிலத் தோட்டத்துல இருந்துக்கிட்டு தேத்தண்ணி குடிக்காம எப்புடிங்க?" என்றேன்.

டாக்டரம்மா சிரித்தாள். நானும் அன்றைக்குச் சிரித்தேன். ராமையா வார்டு வாசலில் நின்று கும்பிட்டார்.

ஆனால் சோறு இறங்கவில்லை. வழி திறந்தாகிவிட்டது, மறுபடி எடுத்த படமும் சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் பிளேட்டை எடுத்தால் தொண்டை பூட்டிக்கொள்கிறது. இல்லாத நோய்க்குப் பாசாங்கு செய்கிறேன் என்று நினைப்பார்களோ என்று வெட்கமாக இருந்தது. சோற்றைப் பத்திரிகைத் தாளில் சுருட்டி ஒளித்து வைத்தேன். பிள்ளை மடுவத்தில் பிள்ளைகள் செய்கிற அதே திருட்டுத்தனம்.

அதைக் கண்டுபிடித்தவள் பக்கத்துக் கட்டில் மெனிக்கே. வலப்பனைப் பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் கிழவி, வயிற்றில் கட்டி எடுக்க வந்தவள். தன் பிளேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். "எக்கட்ட கமு" என்றாள், ஒன்றாகச் சாப்பிடுவோம் என்று அர்த்தம். அவள் ஒரு வாய் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் போடும்வரை அடுத்த வாய் எடுக்கமாட்டாள். கிழவி பசியோடு இருக்கிறாளே என்று நான் ஒரு வாய் போட்டேன். இறங்கியது. இன்னொன்று. அதுவும் இறங்கியது. அவள் ஆப்பரேஷனுக்குப் போன நாளில் மறுபடி பூட்டிக்கொண்டது. திரும்பி வந்து எழுந்து உட்கார்ந்ததும் மறுபடி இறங்கியது.

டாக்டரம்மா இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு நாள் என் கட்டிலில் உட்கார்ந்து, வீட்டில் யாரோடு சாப்பிடுவாய் என்று கேட்டாள். தனியாக என்றேன். ஏன் என்றாள். மிஸ்ஸி வழியாக யோகராஜ் கதையைச் சொன்னேன். டாக்டரம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், நாடி பார்க்க இல்லை.

வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்கு மிஸ்ஸி லீவில் போயிருந்தாள். டாக்டரம்மா ராமையாவைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுப் பேசினாள். அங்கே என்ன பேசினார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஆனாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்து நடந்தது விளங்காது.

"ஐயா, மாத்திரை மட்டும் பத்தாது. இவங்களை சங்கம் சேர்க்கணும். உங்க தோட்டத்துல சங்கம் இருக்குதானே? சீக்கிரம் சேர்க்கணும்."

அவள் ஊரில் பெண்கள் சேர்ந்து சமைக்கவும் பேசவும் ஒரு சமித்திய உண்டாம். அதைத்தான் அவள் தமிழில் சங்கம் என்றாள். எங்கள் தோட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. எங்களுக்குத் தெரிந்தது இரண்டே சங்கம். ஒன்று தொழிற்சங்கம். அதில் நான் பேர் பதிந்த நாளிலிருந்து இருக்கிறேன், சந்தாவைச் சம்பளத்தில் பிடிப்பார்கள். மற்றது மரண சங்கம். வீட்டில் சாவு விழுந்தால் பெட்டிக்கும் பந்தலுக்கும் கொடுப்பது, சங்கத்து ஆட்களே வந்து குழி வெட்டிச் சமைத்துப்போடுவது, அதுதான் அதன் வேலை. அதற்கு மாதாமாதம் வீட்டில் இருக்கிற ஒவ்வொரு பேருக்கும் பணம் கட்டவேண்டும். ராமையா பிடிவாதமாக அதில் சேராமல் இருந்தவர். வீட்டில் சாவை வரவேற்கிற மாதிரி இருக்கிறதாம்.

இப்போது பெரியாஸ்பத்திரி டாக்டரே, அதுவும் சீக்கிரம், என்கிறாள். படித்தவர்கள் நேராகச் சொல்லமாட்டார்கள், நாம்தான் விளங்கிக்கொள்ளவேண்டும் என்று அந்த மனுஷன் விளங்கிக்கொண்டார். தலையை ஆட்டிவிட்டு வந்து என் பையைத் தூக்கினார்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் வேறு ஆளாக இருந்தார். ராத்திரி வேலையை விட்டுவிட்டார். கஞ்சி காய்ச்சிப் பழகினார், முதல் நாள் அடிப்பிடித்தது, இரண்டாம் நாள் உப்பில்லை. தலைவாரி விட்டார். கடைத்தெருவுக்குப் போய் மாம்பழ நிறத்தில் ஒரு சேலை வாங்கிவந்தார். "எதுக்குங்க இப்ப?" என்றால், "சும்மா, ஒனக்குப் புடிச்ச கலராச்சே" என்று அடுப்பை ஊதப் போய்விடுவார். தோட்டத்து ஆட்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். இத்தனை நாள் பீலிக்கரையில் பேச்சை நிறுத்தியவர்கள், கையில் இரண்டு முட்டை, ஒரு சீப்பு வாழைப்பழம் என்று வந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். நோயாளியைப் பார்க்க வருவது நல்ல பழக்கம்தான் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

பிறகு ஒரு நாள் புஷ்பம் வந்து என்னுடைய தேங்காய்த் துருவியைத் திருப்பித் தந்தாள். அது அவள் வீட்டுக்குப் போய் வருஷக்கணக்காகிவிட்டது. கேட்டுக் கேட்டு நானே மறந்துபோன சாமான். "மனசுல ஒண்ணும் வச்சுக்காதக்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அன்றைக்குச் சாயந்தரமே மரண சங்கத்துச் செயலாளர் மலையாண்டி வந்தார். என்னைவிட இளையவர், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். வாசலில் நின்றபடியே பேசினார்.

"ரெண்டு பேரையும் சேத்தாச்சுக்கா. அண்ணன் வந்து சொன்னாரு. நீங்க ஒண்ணுக்கும் யோசிக்காதீங்க. வீட்டுக்கு ஒரு ஆளு சங்கத்து வேலைக்கு வரணும்னு சட்டம், ஒங்களுக்கு அதெல்லாம் வேணாம். நாங்க பாத்துக்கிறோம்."

ராமையா அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். திரும்பவில்லை. சேலை, கஞ்சி, முட்டை, துருவி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து எனக்கு விளங்கியது. சோகை என்றது பொய், அந்த நோய்தான், எனக்கு மறைத்திருக்கிறார்கள். ஆனால் வாயில் வந்தது வேறு.

"ரெண்டு பேருன்னா யார் யாரு?"

"நீங்க, அண்ணன்."

"யோகராஜு?"

மலையாண்டி ராமையாவின் முதுகைப் பார்த்தார். அந்த முதுகு அசையவில்லை. மகனைத் தேடி என்னோடு படியேறிய மனுஷன், சங்கத்தில் போய் இரண்டு பேர் என்று சொல்லியிருக்கிறார். எனக்குச் சொல்லாமல் மனதுக்குள் அவனை எடுத்து அடக்கம் பண்ணிவிட்டார். நான் சாகப்போகிறேன் என்பதைவிட அது வலித்தது.

"மூணு பேருன்னு போடுங்க" என்றேன்.

"அக்கா, தப்பா நெனக்காதீங்க. சங்கத்துல உசிரோட இருக்கவங்க பேர மட்டுந்தான் வச்சிருப்போம். செத்தவங்க பேர எடுத்துருவோம்."

"அதனாலதான் போடச் சொல்றேன்."

அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு ராமையா திரும்பாமலே சொன்னார்.

"போடு மலையாண்டி. மூணு பேரு."

குரல் உடைந்திருந்தது. அன்றைக்கு நான் அவரிடம் வேறு ஒன்றும் கேட்கவில்லை. மலையாண்டியிடம் மட்டும் சொன்னேன், சட்டம்னா சட்டந்தான், சங்கத்து வேலைக்கு நான் வருவேன், யாருக்கும் கடன்பட்டுச் சாகமாட்டேன் என்று.

அடுத்த வாரமே கீழ்லயத்தில் ஒரு பெரியவர் போய்விட்டார். சாவுக்கு அடிக்கிற தப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து போனேன். பெண்கள் என்னைப் பார்த்து மிரண்டார்கள், சாகக் கிடப்பவள் செத்த வீட்டுக்கு வேலைக்கு வந்தால் யார்தான் மிரளமாட்டார்கள். தேத்தண்ணிக் கேத்தலைப் பிடித்துக்கொண்டேன். எழவு வீட்டில் ஒவ்வொருத்தியும் தன் வீட்டுச் சாவுக்குத்தான் அழுகிறாள் என்பார்கள். சுற்றி எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுவதற்குச் சாவு இல்லை. நான் தேத்தண்ணி ஊற்றினேன்.

பிரேதம் எடுத்த பிறகு சங்கத்து ஆட்கள் ஆக்கிய பருப்பும் சோறும் இறக்கினார்கள். வேலை செய்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்தோம். நான் ஓரமாக எழுந்து நழுவப் பார்த்தேன். புஷ்பம் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருக்கா. ஒன்னய விட்டுட்டு நாங்க எப்புடித் திங்கிறது?"

உட்கார்ந்தேன். பேச்சு இறந்துபோனவரைப் பற்றி ஓடியது. அவர் மாடு வளர்த்தார், கோபக்காரர், ஆனால் பிள்ளைகளென்றால் உயிர். அப்போது இறந்தவரின் மருமகள், அழுதழுது வீங்கின முகத்தோடு, சாதாரணமாகச் சொன்னாள்.

"ஒங்க யோகராஜுதான் எங்க மாமா மாட்டுக்குப் புல்லறுத்துக் குடுப்பான். காசு குடுத்தா வாங்க மாட்டான். பால் மட்டும் ஒரு கிளாஸ் கேப்பான்."

எனக்கே தெரியாத சங்கதி அது. என் வீட்டுக்கு வெளியே ஒரு வாய் அவன் பேரைச் சொல்லி எவ்வளவு நாளாகிவிட்டது. இன்னொருத்தி, அவன் பந்தடித்துப் பிள்ளை மடுவத்துக் கண்ணாடியை உடைத்ததைச் சொன்னாள். அதற்கு நான் அவனை விளக்குமாற்றால் துரத்தியதை இன்னொருத்தி சொன்னாள். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது, அடக்க முடியவில்லை, அடக்கச் சொல்லி யாரும் சொல்லவுமில்லை. அழுது முடித்துப் பார்த்தபோது பிளேட்டில் பாதிச் சோறு இல்லை. எப்போது இறங்கியதென்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சாவு வீடு, எட்டு, கருமாதி என்று எங்கே கூப்பிட்டாலும் போனேன். சாவில்லாத வாரத்திலும் அந்தப் பெண்கள் என் வீட்டில் வந்து உட்கார்ந்து கதை பேசப் பழகிவிட்டார்கள். மாத்திரையையும் விடவில்லை. புஷ்பம் எனக்குத் தேத்தண்ணிக்குப் பதில் சுடுதண்ணியும் கருப்பட்டியும் தந்து, "துரையம்மாவுக்குத் தேத்தண்ணி ஒத்துக்காது" என்று கேலி செய்வாள். சாவுக்குக் காத்திருப்பவள் நான். ஆனால் ரவிக்கை இறுகத் தொடங்கியது. எனக்கும் குழப்பம்தான்.

கிளினிக் நாளில் இரண்டு பேரும் போனோம். டாக்டரம்மா என்னைத் தராசில் ஏற்றி, கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். யாழ்ப்பாணத்து மிஸ்ஸி இருந்தாள்.

"டாக்டர் கேக்கிறா, சங்கத்திலை சேந்திட்டீங்களோ எண்டு."

"சேந்துட்டேங்க மிஸ்ஸி."

"என்ன செய்யிறனீங்கள் அங்கை?"

"செத்த வீட்டுக்குப் போவோங்க. தேத்தண்ணி ஊத்துவோம். சோறாக்குவோம்."

மிஸ்ஸி மொழிபெயர்க்கவில்லை. "என்ன சங்கம் அது?" என்றாள்.

"மரண சங்கங்க."

அதைக் கேட்டு டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ராமையா முன்னால் வந்தார்.

"நீங்கதானுங்களே சொன்னீங்க, சீக்கிரம் சேக்கணும்னு. ஆளு தங்காதுன்னுதான் நானு..."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. மிஸ்ஸி ஒவ்வொன்றாக இரண்டு பக்கமும் சொல்லி விளங்க வைத்தாள். டாக்டரம்மா எழுந்து வந்து என் தோளைப் பிடித்து, "சாக இல்ல அம்மா, சாக இல்ல" என்று தன் தமிழில் சொன்னாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள், அங்கே எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவீர்களா, சோறு இறங்குகிறதா, மகனைப் பற்றிப் பேசுகிறார்களா. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன்.

"ஹொந்தாய்" என்றாள், நல்லது என்று அர்த்தம்.

"அப்ப அதையே தொடர்ந்து செய்யட்டுமாம்" என்றாள் மிஸ்ஸி.

திரும்பும்போது ஹட்டன் தாண்டியதும் ராமையா மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நீ சாக மாட்டியா?"

"எல்லாரும் சாவோம். இப்ப இல்லியாம்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். அந்தச் சேலையை நான் அடுத்த தீபாவளிக்குக் கட்டினேன். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். நடுவில் இருந்த இடம் அப்படியே இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடப் பழகினோம். ஒவ்வொரு சம்பளத்திலும் மூன்று பேருக்கு அவரே கொண்டுபோய்க் கட்டினார். ஒரு தடவைகூட நான் ஞாபகப்படுத்தவில்லை.

சில வருஷங்களுக்குப் பிறகு, ஸ்டோரில் கொழுந்து கொட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்த முறை ஆஸ்பத்திரி வாங்கில் பெயர் கூப்பிடக் கூப்பிட எழுந்து நின்றவள் நான். மாரடைப்பு என்றார்கள், இதயத்துக்கு இரத்தம் போகிற குழாய் அடைத்துக்கொள்வது. வெள்ளிக்கிழமை பேசிக்கொண்டிருந்தார், கஞ்சி கேட்டார். ஊட்டினேன், பிள்ளைபோல வாயைத் திறந்தார். சனிக்கிழமை விடியும்போது இல்லை.

அவர் பயந்து பயந்து எனக்காகச் சேர்ந்த சங்கம் அவருக்கு வந்தது. பெட்டி வந்தது, பந்தல் வந்தது, குழி வெட்ட ஆட்கள் வந்தார்கள். என் வாசலில் நின்று எப்படி அழுவது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் சோறு வேண்டாம் என்று சுருண்டு படுத்தபோது, புஷ்பம் பிளேட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, தானும் சாப்பிடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வலப்பனை மெனிக்கே ஞாபகம் வந்தது. எழுந்து ஒரு வாய் வைத்தேன். வலித்துக்கொண்டுதான் இறங்கியது, ஆனால் இறங்கியது.

கருமாதி முடிந்து அடுத்த சம்பளத்துக்கு மலையாண்டி வந்தார். அவருக்கும் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. செத்தவர் பேரை எடுத்துவிட்டு இனி எத்தனை பேர் என்று கேட்கவேண்டிய நாள் அது. என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். இந்தத் தடவை "போடு மலையாண்டி" என்று சொல்ல வீட்டில் வேறு ஆள் இல்லை.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். சுவரில் மாட்டியிருந்த ராமையாவின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ரெண்டு பேருக்குத்தானக்கா. காச எடுத்துட்டு வாங்க."